ஒலியின் வடிவம் கண்டவர்

நுழையும்முன்

சர் சி. வி. இராமன் என்றவுடன் ஒளியும் நோபல் பரிசும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒளியிடம் வந்து சேர்வதற்கு முன்னர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர் பெரிதும் ஆராய்ந்தது ஒலியை. செவிக்கு மட்டுமே உரியதென நாம் கருதும் ஒலி, இடத்தில் பரவி நிற்கும் வடிவமும் உடையது. மணலைத் தூவியும் மாடச் சுவரில் செவியை வைத்தும் ஒளிக்கற்றையைப் பாய்ச்சியும் அவ்வடிவத்தைத் தேடிய ஒருவரின் வரலாறு இது.

மூடுபனியும் இரு செவிகளும்

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் சென்றால் மன்னவனூர் வருகிறது. படிப்படியாக அமைந்த வேளாண் நிலங்கள், ஓர் ஏரி, அதனைச் சூழ்ந்த புல்வெளி எனக் கண்ணுக்கு இனிய ஊர். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இங்குதான் அமைந்துள்ளது. மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் சில அடிகளுக்கு அப்பால் இருப்பதும் புலப்படாது. அந்நேரத்தில் ஆடு மேய்ப்பவருக்கு உதவுவன செவிகளே. ஆட்டின் கத்தல் வலப்புறத்திலிருந்து வருகிறதா, இடப்புறத்திலிருந்து வருகிறதா, அருகிலிருந்தா, தொலைவிலிருந்தா என்பதை அவர் நின்ற இடத்திலிருந்தே அறிந்துகொள்கிறார்.

இதனைப் பழக்கத்தால் வந்த திறமை என்று கூறி நாம் கடந்துவிடலாம். ஆனால், காற்றின் அழுத்தம் கூடிக் குறைவதே ஒலி. அந்த ஏற்ற இறக்கத்தில் திசையின் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. அவ்வாறிருக்க, செவி திசையை எவ்வாறு அறிகிறது?

இவ்வினாவுக்கு எளிய முறையில் விடை தேடியவர் ரேலே பிரபு என்னும் ஆங்கில இயற்பியல் அறிஞர். 1870களில் தம் மாளிகையின் புல்வெளியில் அவர் கண்களை மூடிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் அவரைச் சுற்றி வெவ்வேறு இடங்களில் நின்று குரல் கொடுத்தனர். ஒரே ஒரு சொல்லைக் கேட்டபோதும் அவரால் திசையைச் சுட்ட முடிந்தது. குரலுக்கு மாற்றாக இசைக்கவைகளை ஒலிக்கச் செய்தபோது நிலைமை மாறியது. வலமும் இடமும் ஐயமின்றித் தெரிந்தன. ஒலி முன்னிருந்து வருகிறதா, பின்னிருந்து வருகிறதா என்பது தெரியவில்லை. வலப்புறத்து ஒலி வலச்செவியை முதலில் அடைந்து, தலையைச் சுற்றிக்கொண்டு இடச்செவிக்குச் சற்றுப் பிந்திச் செல்கிறது. அந்தப் பிந்துதல், ஒரு நொடியைப் பதினாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஆறேழு கூறு மட்டுமே. தாழ்ந்த ஒலிகளில் இந்தக் கால வேறுபாட்டையும், உயர்ந்த ஒலிகளில் தலையின் மறைப்பால் ஒரு செவிக்குக் குறைந்து கேட்பதையும் கொண்டு நாம் திசையை உணர்கிறோம் என்று 1907ஆம் ஆண்டில் ரேலே விளக்கினார். நேர் முன்னும் நேர் பின்னும் எழும் ஒலிகள் இரு செவிகளையும் ஒருங்கே அடைவதால், தூய சுரத்தைக் கேட்பவர் அங்குத் தடுமாறுகிறார். ஒரு மாணவரின் கண்களைக் கட்டி நடுவில் அமர்த்தி, ஓர் இசைக்கவையைக் கொண்டு இதனை வகுப்பறையிலேயே அவையோருக்குக் காட்டலாம். தலையை அசைக்கக் கூடாது என்பது ஒன்றே விதி.

ஒலியியல் பற்றி ரேலே எழுதிய இரு தொகுதி நூல் 1877, 1878ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. கால் நூற்றாண்டு கழித்து அந்நூல் சென்னையில் ஒரு சிறுவனின் கைக்குக் கிடைத்தது.

மாநிலக் கல்லூரி மாணவர்

சந்திரசேகர வேங்கட இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் பணி கிடைத்ததால் குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் இயற்பியல் நூல்களும் இருந்தன, இசையும் இருந்தது. பதினோராம் வயதில் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய இராமன், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். உருவத்தில் சிறியவராகவும் வயதில் மிக இளையவராகவும் இருந்த அவர், 1904ஆம் ஆண்டு இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார்.

முதுகலை பயின்றபோது ஆசிரியர்கள் அவருக்கு ஒரு சலுகை அளித்தனர். வகுப்புக்கு வருமாறு வற்புறுத்தாமல் நூலகத்திலும் ஆய்வகத்திலும் அவரைத் தம் விருப்பப்படி உலவவிட்டனர். ரேலேயின் எழுத்துகளையும், இசையொலிகள் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் எழுதிய பெருநூலையும் அவர் ஆழ்ந்து கற்றது அக்காலத்தில்தான். 1906ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிறைவுற்ற நிலையில், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற ஆய்விதழில் இடம்பெற்றது. இராமனின் கடிதத்துக்கு மறுமொழி எழுதிய ரேலே, எழுதியவர் மாணவர் என்பதை அறியாமல் அவரைப் பேராசிரியர் என்றே விளித்தார் என்பர். இருவரும் நேரில் சந்தித்து உரையாடி ஆசிரியர் மாணவராகப் பழகும் வாய்ப்பு அமையவில்லை. நூல்களின் வழியே கிடைத்த அந்த ஆசிரியரைத்தான் பின்னாளில் இராமன் ஈரிடங்களில் திருத்த நேர்ந்தது.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல அவருடைய உடல்நிலை இடந்தராது என்று மருத்துவர் கூறிவிட்டார். அந்நாளில் இந்தியாவில் அறிவியலைத் தொழிலாகக் கொண்டு வாழ வழி இல்லை. இராமன் நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்றார். 1907ஆம் ஆண்டு, வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரி அம்மையாரை மணந்து, துணைக் கணக்காயராகப் பணியேற்கக் கல்கத்தா சென்றார்.

இரவில் எரிந்த விளக்கு

ஒருநாள் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை இராமனின் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்பது அக்கட்டடத்தின் பெயர். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர், இந்தியர்கள் தாமே அறிவியல் ஆய்வில் ஈடுபட வேண்டும் என்னும் வேட்கையுடன் 1876ஆம் ஆண்டில் நிறுவிய கழகம் அது. ஆய்வகம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆய்வு செய்வார்தாம் அரிதாயினர். இராமன் சென்று கதவைத் தட்டியபோது திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் பணியாளர். பட்டம் பெறாத அவர் பிற்காலத்தில் இராமனின் ஆய்வுகளுக்கு இன்றியமையாத துணைவரானார்.

விடியற்காலையில் கழகத்துக்குச் செல்வார் இராமன். ஒன்பதே முக்கால் மணியளவில் வீடு திரும்பி விரைவாக உண்டு அலுவலகம் போவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே கழகம். வீடு திரும்ப இரவு பத்து மணியாகும். இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றப்பட்ட காலம் நீங்கலாக, பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. அரசின் கணக்குகளைப் பகலில் சரிபார்த்தவர், காலையிலும் இரவிலும் நரம்புகளின் அதிர்வுகளைக் கணக்கிட்டார்.

ஒலியை ஏன் தேர்ந்தெடுத்தார்? இசையின் மீது இளமையிலேயே ஏற்பட்ட ஈர்ப்பு ஒரு காரணம். மற்றொன்று நடைமுறை சார்ந்தது. ஒலியை ஆராய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு நரம்பு, ஒரு வில், ஒரு விளக்கு, நகரும் ஒளிப்படத் தகடு ஆகியவை போதும். தெருப்பாடகர் கையிலிருந்த ஒற்றை நரம்புக் கருவியாகிய ஏக்தாராவைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. வயலின் நரம்பு வில்லின் உராய்வால் எவ்வாறு அதிர்கிறது என்பதைக் கணித முறையில் விளக்கி 1918ஆம் ஆண்டில் ஒரு நீண்ட ஆய்வுரை வெளியிட்டார். அதனைச் சோதிக்கத் தாமே வயலின் வாசிக்கும் பொறி ஒன்றையும் அமைத்தார். அப்பொறியில் வில் அசையாது நிற்கும்; வயலின்தான் சிறு வண்டியொன்றில் முன்னும் பின்னும் ஓடும். வித்துவானின் கை மேடையில் செய்வதைத் தலைகீழாகச் செய்த அப்பொறி, வில்லின் வேகத்தையும் அழுத்தத்தையும் தனித்தனியே அளக்க உதவியது.

வீணையும் தம்புராவும் அவருக்கு வேறொரு வியப்பை அளித்தன. நரம்பை எவ்விடத்தில் மீட்டுகிறோமோ அவ்விடத்தில் கணு கொண்டிருக்கும் மேற்சுரம் ஒலிக்காது என்பது ஐரோப்பிய ஒலியியலார் ஏற்றிருந்த விதி. இவ்விரு கருவிகளில் அம்மேற்சுரமும் தெளிவாகக் கேட்டது. மெல்ல வளைந்த பரப்புடைய குதிரையின் மீது நரம்பு ஒவ்வோர் அதிர்விலும் படிந்து எழுவதே அதற்குக் காரணம் என்று இராமன் கண்டார். விதி பொய்யன்று, கூர்மையான விளிம்பில் நிற்கும் நரம்புக்கு மட்டும் அது உரியது.

இந்நிலையில்தான் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜி அவரைப் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். ஊதியம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நிதித்துறையில் மிக உயர்ந்த பதவிகள் காத்திருந்தன. குடும்பப் பொறுப்பும் இருந்தது. மேலும், அப்பதவியை ஏற்பவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கற்பிக்கத் தகுதியுடைய ஒருவன் கற்றுக்கொள்ளக் கடல் கடக்க வேண்டியதில்லை என்று கருதிய இராமன் அதற்கு இசையவில்லை. நிபந்தனை அவருக்காகத் தளர்த்தப்பட்டது. 1917ஆம் ஆண்டில் அவர் அரசுப் பணியைத் துறந்தார். இதனைத் தியாகம் என்று போற்றுவது வழக்கம். பத்தாண்டுகள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்த ஒருவருக்கு அது விடுதலையாகவும் இருந்திருக்க வேண்டும்.

மத்தளத்தின் மீது மணல்

இராமனின் ஒலியாய்வுகளுள் நம் மண்ணோடு நெருங்கியது மத்தளம் பற்றியது. அதன் அருமையை அறிய, தோற்கருவிகள் பற்றி அன்று நிலவிய கருத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இழுத்துக் கட்டிய நரம்பு அதிரும்போது அடிப்படைச் சுரத்துடன் அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களும் எழுகின்றன. இம்முழு எண் உறவே நரம்பிசைக்கு இனிமை தருகிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலின் இயல்பு வேறு. அதன் அடிப்படை அதிர்வெண்ணை 1 எனக் கொண்டால் அடுத்தடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 எனச் செல்கின்றன. இவை ஒன்றோடொன்று இசையாமல் மோதுவதால் கேட்பது பெரும்பாலும் முழக்கமே. எனவே, தோற்கருவி தாளத்துக்குரியது, சுரத்துக்குரியதன்று என மேலைநாட்டார் கருதினர். கணக்கும் அவர்கள் பக்கமே நின்றது.

மத்தளம் கேட்டுப் பழகிய செவிக்கோ இது ஏற்கத்தக்கதாக இல்லை. மிருதங்கத்தைப் பாடகரின் ஆதார சுருதிக்குச் சேர்த்த பின்னரே கச்சேரி தொடங்குகிறது. சுருதியே இல்லாத ஒன்றைச் சுருதி சேர்ப்பது எங்ஙனம்? 1920ஆம் ஆண்டில் இராமன், சிவகாளி குமார் என்பவருடன் இணைந்து நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்திய மத்தளத்தின் மேற்சுரங்கள் நரம்பினுடையவற்றைப் போலவே முழு எண் உறவில் அமைந்துள்ளன என்பது அதன் செய்தி.

இதனை அவர் கண்ணால் காணும்படியும் செய்தார். தோலின் மீது மெல்லிய மணலைத் தூவி, ஒன்றிரண்டு இடங்களை விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டு, வேறோர் இடத்தில் அடித்தால், அதிரும் பகுதிகளிலிருந்து மணல் துள்ளி விலகுகிறது. அதிராத கோடுகளில் சென்று தங்குகிறது. ஒலி கேட்டு மறைந்த பின்னும் அதன் படம் தோலின் மீது நிற்கிறது. ஒரு விட்டம், இரு விட்டங்கள், ஒரு வட்டம், மூன்று விட்டங்கள், ஒரு வட்டத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு விட்டம் எனப் படங்கள் மாறுகின்றன. இவ்வகையில் ஒன்பது அதிர்வு முறைகளை இராமன் இனங்கண்டார். பெரும் வியப்பு அவற்றின் அதிர்வெண்களில் இருந்தது. சாதாரணத் தோலில் ஒன்பதும் ஒன்பது வெவ்வேறு சுரங்களாகச் சிதறியிருக்கும். மத்தளத்தில் அவை ஐந்தே சுரங்களாகத் திரண்டிருந்தன. இரு விட்டங்களாகப் பிரிந்து அதிர்ந்தாலும் ஒரு வட்டமாகப் பிரிந்து அதிர்ந்தாலும் எழுவது மூன்றாம் சீரிசையே. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள சீரிசைகளுக்குள் ஒன்பது வடிவங்களும் அடங்கிவிட்டன. இவ்வாய்வின் விரிவான வடிவம் 1934ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இந்த ஒழுங்கைத் தருவது வலந்தலையின் நடுவில் இருக்கும் கரிய கரணை. கிட்டக்கல்லைப் பொடித்துச் சோற்றுடன் பிசைந்த பசையை மெல்லிய படலமாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, உலர்த்தி, அதன் மேல் மீண்டும் ஒரு படலம் பூசுவர். நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் அமையும் அச்சுமை, கட்டுக்கடங்காத மேற்சுரங்களை இழுத்து உரிய இடங்களில் நிறுத்துகிறது. வாசிப்பவர் மோதிர விரலால் தோலை மெல்லத் தொட்டுக்கொண்டு சுட்டுவிரலால் விளிம்பில் அடிக்கும்போது, தொட்ட இடத்தில் கணு உண்டாகிறது. வேண்டாத வடிவம் அடங்கி, வேண்டிய வடிவம் எழுகிறது. இராமன் மணலால் கண்டதை மிருதங்கக் கலைஞர் விரலால் அறிந்திருந்தார்.

முழவின் கண்ணில் மார்ச்சனை பூசும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே குறிக்கப்படுகிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைத் தனியே வகுத்துரைக்கிறது. பழம் இந்தியரின் ஒலியறிவை இராமன் பெருமிதத்துடன் எடுத்துரைத்தார். அப்பெருமிதம் நியாயமானதே. எனினும், இதனை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. எத்தனை படலம், எவ்வளவு தடிப்பு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை எந்தச் சமன்பாடுமின்றிச் செவியால் மட்டுமே அறிந்து தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்தவர்கள் தோலைப் பதப்படுத்தும் கைவினைஞர்கள். கருவி மேடையேறியது, இராமனின் ஆய்வால் அறிவியல் ஏட்டிலும் ஏறியது. அதனைச் செய்த கைகளின் பெயர்கள் எங்கும் ஏறவில்லை.

முணுமுணுக்கும் மாடம்

1921ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு நடைபெற்றது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராளராக இராமன் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். இலண்டனில் அவரை ஈர்த்த இடங்களுள் ஒன்று தூய பவுல் பேராலயம். அதன் குவிமாடத்தின் உட்புறத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில், 257 படிகள் ஏறிச் செல்லும் வட்ட மாடம் ஒன்று உண்டு. அங்கு ஒருவர் சுவரை ஒட்டி நின்று முணுமுணுத்தால், 30 மீட்டருக்கும் மேல் அகன்ற வட்டத்தின் மறுபுறத்தில் சுவரருகே செவியை வைத்திருப்பவருக்கு அது அருகில் பேசுவதுபோல் கேட்கும். சுவரை விட்டு விலகினால் கேட்காது.

மன்னவனூர்ப் புல்வெளி போன்ற திறந்தவெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தொலைவு இரு மடங்கானால் அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. முணுமுணுப்பு சில அடிகளில் மடிந்துவிடும். பேராலய மாடத்தில் அது எவ்வாறு பிழைக்கிறது? குவிமாடம் ஒலியை எதிர்ப்புறத்தில் ஒரு புள்ளியில் குவிக்கிறது என்று வானியலறிஞர் ஏரி கருதினார். அவ்வாறாயின் எதிர்ப்புறத்தில் மட்டுமே கேட்க வேண்டும். சுவரருகில் எங்கு நின்றாலும் கேட்பதைக் கவனித்த ரேலே, ஒலி சுவரை ஒட்டியே தவழ்ந்து செல்கிறது என்றார்.

இக்கருத்தை அவையோர் முன் காட்ட ரேலே கையாண்ட முறை இன்றும் மகிழ்ச்சி தருவது. ஏறத்தாழ 12 அடி நீளமுள்ள துத்தநாகத் தகட்டை அரைவட்டமாக வளைத்து நிறுத்தினார். ஒரு முனையில் பறவைகளை அழைக்க வேடர்கள் பயன்படுத்துவது போன்ற கீச்சொலிக் குழல். மறுமுனையில் உயர்ந்த ஒலி பட்டால் துடித்துச் சுருங்கும் இயல்புடைய வாயுச் சுடர். குழல் ஒலித்தது; சுடர் துடித்தது. இரண்டுக்கும் இடையில், தகட்டின் உட்புறத்தை ஒட்டி, ஓரிரு அங்குல அகலமே உள்ள சிறு தட்டியைச் செருகினார். சுடர் அமைதியடைந்தது. ஒலி வந்த வழி அந்தக் குறுகிய ஓரம்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. செவியால் அறிய வேண்டியதை நெருப்பின் அசைவால் அரங்கம் முழுவதும் கண்டது.

இராமன் மாடத்தில் ஏறியபோது ரேலே மறைந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன. சதர்லாந்து என்னும் ஆய்வாளருடன் அவர் அங்கு நேரடியாகச் சோதனை செய்தார். ரேலேயின் கோட்பாட்டின்படி, சுவரிலிருந்து விலக விலக ஒலி சீராகக் குறைந்து மறைய வேண்டும். அவர்கள் கண்டது வேறு. ஒலி குறைந்தது, பின்னர்க் கூடியது, மீண்டும் குறைந்தது. சுவரை ஒட்டி நடந்தபோதும் அவ்வாறே ஏற்ற இறக்கம் இருந்தது. காற்று ஒன்றே போல் தோன்றும் அவ்விடத்தில், மணல் படிந்த மத்தளத் தோலைப் போல, ஒலிக்கும் பட்டைகளும் ஒலியாப் பட்டைகளும் அடுத்தடுத்து நின்றன. தோலின் மீது தட்டையாகக் கிடந்த படம் இங்கு வெளியில் நிமிர்ந்து நின்றது. ரேலேயின் விளக்கம் தவறன்று, முழுமையானதன்று. இக்கண்டுபிடிப்பு அவ்வாண்டே நேச்சர் இதழில் வெளிவந்தது.

நாடு திரும்பியதும் இந்திய மாடங்களையும் இராமன் ஆராய்ந்தார். பீஜப்பூரில் 1656ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கோல்கும்பஸ், பாட்னாவில் 1786ஆம் ஆண்டில் தானியக் களஞ்சியமாக எழுப்பப்பட்ட கோல்கர், அப்போதுதான் கட்டி முடிந்திருந்த கல்கத்தா விக்டோரியா நினைவகம் ஆகியவை அவற்றுள் அடங்கும். பஞ்சத்துக்கு அஞ்சி நெல்லைச் சேமிக்கக் கட்டிய கட்டடம், கட்டியவர் எண்ணியிராத வகையில் முணுமுணுப்பையும் சேமித்தது. இன்று ஒளியியலாளர்கள் நுண்ணிய கண்ணாடிக் கோளங்களின் உள்விளிம்பில் ஒளியைத் தவழவிடுகின்றனர். அந்த அதிர்வு முறைகளுக்கு முணுமுணுக்கும் மாடத்தின் பெயரையே சூட்டியுள்ளனர்.

கடலின் நீலம்

அதே பயணத்தில் நர்குண்டா என்னும் கப்பலில் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் நீலம் இராமனின் உள்ளத்தைக் கவர்ந்தது. கடலின் நிறம் வானத்தின் நீலம் எதிரொளிப்பதால் உண்டாவது என்று ரேலே எழுதியிருந்தார். இராமன் தம் கையிலிருந்த நிக்கல் பட்டகத்தால் நீர்ப்பரப்பின் எதிரொளிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் தெளிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் முடிவு செய்தார். ஒரே பயணத்தில் தம் மானசீக ஆசிரியரை ஒலியில் ஒருமுறையும் ஒளியில் ஒருமுறையும் அவர் திருத்தினார். இரு முறையும் ரேலேயிடம் கற்ற வழியிலேயே அதனைச் செய்தார்.

அதன் பின்னர் நடந்தவை நாடறிந்தவை. கே. எஸ். கிருஷ்ணன் உள்ளிட்ட மாணவர்களுடன் ஒளிச்சிதறலை ஆராய்ந்த இராமன், 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டறிந்தார். 1930ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 1933ஆம் ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அங்குப் பூசல்களும் மனக்கசப்புகளும் நேர்ந்தன. இயக்குநர் பதவியை விட்டு விலகிப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார்.

ஒளியால் ஒலியைக் காணல்

அக்கசப்பான ஆண்டுகளில்தான் ஒலியும் ஒளியும் அவருடைய ஆய்வில் ஒன்றுகூடின. செவிக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட மீயொலியை ஒரு திரவத்தில் செலுத்தினால், அதில் அடர்த்தி மிக்க அடுக்குகளும் குறைந்த அடுக்குகளும் மாறிமாறி உண்டாகின்றன. அத்திரவத்தின் குறுக்கே ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால், திரையில் ஒற்றைக் கோடாக விழ வேண்டிய ஒளி பல கோடுகளாகப் பிரிந்து விழுகிறது. இதனை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1932ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். கோடுகள் ஏன் அத்தனை, அவற்றின் ஒளிர்வு ஏன் அவ்வாறு மாறுகிறது என்பது விளங்கவில்லை. நாகேந்திர நாத் என்னும் இளம் மாணவருடன் இராமன் 1935, 1936ஆம் ஆண்டுகளில் எழுதிய தொடர் கட்டுரைகள் அதற்கு விடை தந்தன. ஒலியின் அடுக்குகள் ஒளியலையின் முகப்பையே நெளியச் செய்கின்றன என்பது அவ்விடை. இராமன்–நாத் கோட்பாடு என இன்றும் அது பயிலப்படுகிறது. ஒலியைக் கொண்டு ஒளிக்கற்றையைத் திருப்பும் கருவிகளுக்கு அது அடிப்படை. மணல் தோலின் மீது காட்டியதை, சுடர் தகட்டின் முனையில் காட்டியதை, இங்கு ஒளியே திரையில் காட்டியது.

1948ஆம் ஆண்டில் தாமே நிறுவிய ஆய்வு நிறுவனத்தில் இராமன் தம் இறுதிக்காலத்தைக் கழித்தார். 1954ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்றார். மேடைப் பேச்சில் அவர் வல்லவர். கருவிகளையும் படிகங்களையும் கையில் எடுத்துக் காட்டி, நகைச்சுவையுடன் பேசி, சிறுவர்களையும் தம்பால் ஈர்ப்பார். ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் தம் நிறுவனத்தில் காந்தி நினைவுச் சொற்பொழிவு நிகழ்த்துவதைக் கடமையாகக் கொண்டிருந்தார்.

1970ஆம் ஆண்டு அச்சொற்பொழிவுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் செவியும் கேட்டலும் பற்றியது. எண்பத்திரண்டு வயதை நெருங்கிய நிலையில், செவிப்பறை ஒலியை எவ்வாறு உணர்கிறது என்பது குறித்துத் தாம் புதிதாக எண்ணியிருந்த கருத்துகளை அவையோருக்கு எடுத்துரைத்தார். அதுவே அவருடைய கடைசிச் சொற்பொழிவு. அம்மாத இறுதியில் ஆய்வகத்தில் மயங்கி விழுந்தார். நவம்பர் 21ஆம் நாள் காலமானார். அவருடைய விருப்பப்படி நிறுவனத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. நினைவுச்சின்னம் ஏதும் எழுப்பாமல் அங்கு ஒரு மரத்தை நட்டனர்.